வளைவில் நிற்கிற தண்ணீர்

மதினி,

பூட்டைத் திறந்து உள்ளே காலை வைக்கவில்லை, அதற்குள் மூக்கில் வந்து ஏறிவிட்டது அந்த நாற்றம். உங்களை ராஜபாளையத்துக் கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் வைத்துவிட்டு, உங்கள் கொழுந்தனார் வீட்டில் ஜெபம், வந்து போகிறவர்கள், சாப்பாடு, அழுகை எல்லாம் முடிந்து, இன்று காலை ரயிலில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினோம். உங்கள் தம்பி பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி எதுவும் செத்துக் கெடக்கா பாக்கியம்?" என்று கேட்டார். எலியாவது பூனையாவது! எனக்குத் தெரியாதா அந்த நாற்றம்? நேரே பிரசவ அறைக்குப் போய், கை கழுவுகிற பேசினுக்கு அடியில் குனிந்து, அந்த வளைந்த குழாயை விரலால் தட்டினேன். வெறும் குழாய்ச் சத்தம். கோடை வெயிலில், பூட்டிக் கிடந்த வீட்டில், அதற்குள் நின்ற தண்ணீர் காய்ந்து போயிருந்தது. ஊற்ற ஆள் இல்லை.

நீங்கள் இல்லை என்பதை அந்தக் குழாய்தான் எனக்குச் சொன்னது. அடக்கத்தில் நான் அழவில்லை என்று உங்கள் ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அவள் இன்று வந்து பார்த்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுகை கொஞ்சம், ஆத்திரம் நிறைய. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றையாவது நேரத்தில் சொன்னீர்களா நீங்கள்? உங்களிடம் நான் இன்னும் சண்டை போட்டு முடிக்கவில்லை, மதினி. அதற்குள் போய்விட்டீர்கள். மிச்சத்தை எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது உங்களைப் பற்றி எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: மாப்பிள்ளைக்கு மூத்த அக்கா, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனும் ஒரே மகளும் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். மகள் சாராள் எப்படிப் போனாள் என்று கேட்டால் உங்கள் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். உங்களைக் கேட்டால், "அடுப்புல என்ன தீயுதுன்னு பாருட்டி" என்பீர்கள். அடுப்பில் ஒன்றும் தீயாது. கேட்கக் கூடாது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் உங்கள் சுத்தம் இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பப்பா! முற்றத்தில் வாய் கொப்பளித்த தண்ணீர் செத்த நேரம் நிற்கக் கூடாது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். சாப்பிட்ட கையைத் தெரியாமல் செம்புக்குள் விட்டுவிட்டால் அந்தச் செம்புக்குப் புளி, சாம்பல், வெயில் என்று ஒரு பெரிய தண்டனை உண்டு. எனக்குத் தனியாகப் பேச்சு உண்டு. கழுவின தண்ணீர் வீட்டுக்குள் நிற்கக் கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறதாக ஒரு நாள் அடித்துச் சொன்னீர்கள். எந்த அதிகாரம் மதினி என்று கேட்டேன். "படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையும் பிரசவம் பார்க்கவும் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊரில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தேன். தொழுவத்துக்குப் பக்கத்து இருட்டறை, கிழிந்த சாக்கு, ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. நான் என் கையை எத்தனை முறை கழுவினாலும் அங்கே என்ன பிரயோசனம்? நம் வீட்டு முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு கட்டில் போட்டு, வெளிச்சமான சுத்தமான இடத்தில் பெண்களைப் பிள்ளை பெற வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்டிப்பான மனுஷி. "ஓடுகிற தண்ணீரில் கை கழுவப் பேசின் வேண்டும். கழுவின தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடக் கூடாது, மூடின குழிக்குப் போக வேண்டும். நான் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் நடத்து. இல்லையென்றால் வெளியூரில் ஒரு நர்ஸ் வேலை காலியாக இருக்கிறது, அதற்கு உன் பெயரை எழுதிவிடுகிறேன்" என்றார். வெளியூர் என்றால் ராமநாதபுரம் பக்கம். நினைத்தால் வீட்டுக்கு வந்துபோக முடியாத தூரம். ஆக, அந்தப் பேசின் சரியாக அமைந்தால் எனக்கு இந்த வீடும் என் அறையும். அமையாவிட்டால் பெட்டியும் படுக்கையும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே செய்தீர்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உங்கள் தம்பி அப்போதுதான் ராஜபாளையத்து மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். மில்லுக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியரின் பங்களாவுக்கு வாங்கின பேசின்களில் ஒன்று, விளிம்பில் சில்லு போய்விட்டது என்று ஒதுக்கிக் கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி, கழிவுப் பஞ்சைச் சுற்றி, கைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் கொண்டுவந்தார். தெருவே கூடிவிட்டது. "இதுல என்ன, சோறு வடிக்கவா?" என்று கேட்டாள் எதிர் வீட்டுக்காரி. நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அடியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, "இது வழியாத் தண்ணி பூராவும் போயிரும், அப்படித்தானே? அப்ப சரி" என்றீர்கள். அந்த "அப்ப சரி"யை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மில்லில் குழாய் வேலை பார்க்கிற பிட்டர் வந்தார். தெலுங்கு பேசுகிற மனுஷர். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. நாம் ஆராதனை முடிந்து வருவதற்குள் சுவரில் இரும்புத் தாங்கியை அடித்துப் பேசினை உட்கார வைத்திருந்தார். மேலே ஒரு தகர டாங்கி. கிணற்றுத் தண்ணீரை வாளியால் நிரப்பினால் குழாயைத் திருகிக் கை கழுவலாம். பிறகு அடி வேலை. ஓட்டையைச் சுற்றி, மக்கு என்று அவர் சொன்ன பசையை உருட்டி வைத்து, பித்தளை வடிகால் வாயை மேலிருந்து அழுத்தினார். பிதுங்கி வந்ததை விரலால் வழித்தார். அடியில் ரப்பர் வளையத்தைப் போட்டு நட்டை முடுக்கும்போது மட்டும்தான் அவர் பேச்சு நின்றது. ஒரு பிடி அதிகமாக முடுக்கினால் பீங்கான் விரிசல் விட்டுவிடுமாம். அதற்கும் கீழே, திருகு மரையில் சணல் நூலைச் சுற்றி, அந்த வளைந்த குழாயைத் திருகினார். கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, பிறகு சுவருக்குள் நுழைந்து, வீட்டுக் கழிவெல்லாம் சேரும்படி பின்பக்கம் வெட்டி மூடியிருந்த குழிக்குப் போகிற குழாய். 'டிராப்' என்று பெயர் சொன்னார்.

நீங்கள் அவருக்குக் காப்பி கொண்டுவந்து நின்றீர்கள். அந்தக் காப்பியை நான் கொண்டுபோயிருக்கலாம். என் நேரம்.

"நேராப் போவாம எதுக்கு இந்த வளைவு?" என்றீர்கள்.

"அதுல எப்பவும் தண்ணி நிக்கணும்மா. நின்னாத்தான்..."

"எந்தத் தண்ணி?"

"கை கழுவுற தண்ணிதான். வேறெந்தத் தண்ணி?"

"எப்பவுமா நிக்கும்?"

"எப்பவும் நிக்கும்."

உங்கள் முகம் அப்போதே மாறிவிட்டது. அந்த மனுஷரை முழுசாகப் பேச விட்டிருந்தால், குழி நாற்றம் மேலே ஏறாமல் அடைக்கிற தண்ணீர் அது என்று சொல்லியிருப்பார். விட்டால்தானே! வளைவின் அடியில் இருந்த பித்தளை மூடியைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டீர்கள். "அடைச்சுக்கிட்டா கழட்டிச் சுத்தம் பண்றதுக்கும்மா. திருகினா வந்துரும்" என்று பெருமையாக ஒரு முறை கழற்றியே காட்டினார். எல்லாவற்றுக்கும் வாய் ஓயாத மனுஷர், அந்த ஒரு மூடியைப் பற்றி மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்காது.

முதல் நாள் மல்லிகைப்பூ மாதிரி இருந்தது அறை. மறுநாள் சாயங்காலம் லேசாக ஒரு வாடை. அதற்கு மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்குகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். பினாயிலை ஊற்றித் தரையைத் துடைத்தேன். உங்கள் தம்பி தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டார். சாம்பிராணியும் சாக்கடையும் கலந்து அது ஒரு தனி நாற்றமாக ஆனது. அந்த நேரம் பார்த்து லேடி டாக்டர் வந்தார். வாசற்படியிலேயே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. "பாக்கியம், இதற்குள்ளா பிள்ளை பெறச் சொல்கிறாய்?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "கிறிஸ்துமஸ் கழிந்து இன்னொரு முறை வருவேன். அப்போதும் இப்படித்தான் என்றால் வெளியூர் வேலைக்கு எழுதிவிடுவேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே கால் வைக்காமலே வண்டியில் ஏறிவிட்டார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "குழி வெட்டாதிய, வெட்டாதியன்னு அன்னைக்கே சொன்னேன். நாத்தத்தை மண்ணுக்குள்ள மூடி வச்சா அது சும்மா கெடக்குமா?" என்றீர்கள். சொல்லிவிட்டு என் தலையைத் தடவி, "அழாதட்டி, கஞ்சி குடி" என்றீர்கள். உங்கள் கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

பிட்டர் மறுபடி வந்தார். வடிகால் வாயைக் கழற்றி, மக்கைச் சுரண்டி, புதிதாக வைத்தார். சணலைப் பிரித்து மறுபடி சுற்றினார். பேசின் நிறையத் தண்ணீரை விட்டு, கீழே பழைய பேப்பரை விரித்து, ஒரு சொட்டு விழவில்லை என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நாற்றமும் நின்றுவிட்டது. நிற்காதா பின்னே, வாளி வாளியாக ஊற்றி வளைவை நிரப்பியிருக்கிறாரே! "நான் போட்ட ஜாயிண்டு ஒழுகாதும்மா" என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் நாற்றம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை ஆள் அனுப்பினேன். வந்து மோந்து பார்த்ததும், "இதேமி கர்மா!" என்று தெலுங்கிலேயே தலையில் அடித்துக்கொண்டார். குழி மூடியைச் சுற்றிச் சிமெண்டு பூசினார். சுவரில் குழாய் நுழையும் இடத்தைப் பூசினார். விட்டால் என்னையும் பூசியிருப்பார். அத்தனைக்கும் நீங்கள் பக்கத்திலேயே நின்று, "பாவம், எம்புட்டுப் பாடு படுதாரு" என்று முறுக்கு கொடுத்தீர்கள்.

அடியில் இருந்த அந்தப் பித்தளை மூடி மட்டும் தினம் தினம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். மதினிக்குத்தான் பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்காதே, துலக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. அன்று மத்தியானம் கீழரத வீதியில் ஒருத்திக்கு வலி என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வெறும் சூட்டு வலி, பிரசவ வலி இல்லை. சீக்கிரமே திரும்பிவிட்டேன். வீடு அமைதியாக இருந்தது. முன்னறைக் கதவைத் தள்ளினேன். நீங்கள் பேசினுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மூடி உங்கள் மடியில் இருக்கிறது. வளைவுக்குக் கீழே ஒரு பழைய மண்சட்டி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நீங்கள் துணியை விரலில் சுற்றி, குழாய்க்குள் விட்டு, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"மதினி! என்ன செய்யுதிய?"

கொஞ்சமாவது திடுக்கிட்டீர்களா? அதுதான் இல்லை. "எச்சத்தண்ணிய எடுக்கேன்."

"எப்ப இருந்து?"

"போட்ட அன்னையில இருந்துதான். நீ பாட்டுக்குக் கழுவிட்டுப் போயிருத. பொறவு யாரு எடுக்க?"

எனக்கு வந்ததே ஒரு வெறி! நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். "என்னை இந்த வீட்டை விட்டு அனுப்பணும்னா நேராச் சொல்ல வேண்டியதுதானே மதினி? நானே பெட்டியக் கட்டியிருப்பேனே! இதுக்கு ஒரு பிட்டரு, ஒரு டாக்டரு, ஊரு பூராவும் சிரிக்கணுமா?" என்று கத்தினேன்.

நீங்கள் மூடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "உன்னைய அனுப்பவா? கிறுக்கச்சி. உன் அறைக்கு வாரவ ஒருத்தியும் சாவக் கூடாதுன்னுல்லா எடுக்கேன்" என்றீர்கள்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னீர்கள். "சாராளுக்கு நோவு எடுத்தப்ப ஒரு அண்டா நெறையத் தண்ணி வச்சாவ. வந்தவ போனவ எல்லாம் அதுலயே கைய விட்டாவ. அதத் தூக்கி ஊத்துங்கன்னேன். பேறு வீட்டுத் தண்ணிய தீட்டுக் கழியாம வெளிய ஊத்தப்படாது, பிள்ளைக்கு ஆவாதுன்னு அவ மாமியா சொல்லிட்டா. நான் பொண்ணப் பெத்தவ, அவிய வீட்டுல என்னத்தப் பேச? அந்தத் தண்ணி மூலையிலயே நின்னுச்சு. அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. தண்ணி நின்னுக்கிட்டே இருந்துச்சு. பிள்ளையும் போச்சு, அவளும் போயிட்டா. அவளத் தூக்கிட்டுப் போன பொறவும் அந்தத் தண்ணி அங்கனயேதான் நின்னுச்சு, பாக்கியம்."

நான் என்ன செய்வேன்? கத்தின வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அந்த அண்டாவைப் பற்றித்தான் எனக்கு ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கையிலிருந்து கைக்கும் கையிலிருந்து பெற்றவளுக்கும் போகிற விஷம் அது. உங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே அதில் பாதி தெரிந்திருந்தது. தெரியாத மற்றப் பாதியில்தான் என் பிழைப்பு போகப் பார்த்தது. அழுகையும் வந்தது, உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் வந்தது. இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன மதினி? வாய் வலித்தா போயிருக்கும்?

உங்கள் மடியில் இருந்து மூடியைப் பிடுங்கினேன். "குழாய்க்கிட்ட மோந்து பாருங்க" என்றேன். குனிந்து மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். மூடியைத் திருகிப் பூட்டி, ஒரு செம்புத் தண்ணீரைப் பேசினில் ஊற்றினேன். களக் களக் என்று இறங்கி நின்றது. செத்த நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தேன். "இப்ப மோந்து பாருங்க." மோந்தீர்கள். மறுபடி மோந்தீர்கள். "அந்தத் தண்ணிதான் மதினி கதவு. கதவை நீங்க தினமும் கழட்டி வச்சிட்டிய" என்றேன். உங்களுக்கு என் படிப்பின் மேல் நம்பிக்கை கிடையாது. உங்கள் மூக்கின் மேல் உண்டு. காலி செம்பை என் கையிலிருந்து வாங்கினீர்கள். கிணற்றடிக்குப் போய் நல்ல தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினீர்கள்.

"நின்னுதான் ஆவணும்னா நல்ல தண்ணியா நிக்கட்டும்" என்றீர்கள்.

அதோடு முடிந்ததா? முடிய விடுவீர்களா நீங்கள்! லேடி டாக்டர் சொன்னபடியே வந்தார். அறைக்குள் வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். குழாயைத் திருகிக் கை கழுவினார். அந்த நேரத்தில் நீங்கள் செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அத்தனை பெரிய டாக்டரைப் பார்த்து, "செத்த நவுருங்கம்மா" என்றீர்கள்! பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவர் நகர்ந்தார். நீங்கள் அவர் கழுவின இடத்தில் செம்புத் தண்ணீரைச் சாவகாசமாக ஊற்றினீர்கள். "இது எதற்கு?" என்று கேட்டார். "கழுவுன தண்ணி நிக்கப்படாதும்மா. இது நல்ல தண்ணி, நிக்கலாம்." டாக்டர் உங்களையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் சிரிக்காமல் சொன்னார்: "இந்த அம்மா இங்கே இருக்கும் வரைக்கும் நான் வந்து சோதிக்க வேண்டியதில்லை. நடத்து." அறை எனக்குக் கிடைத்தது. உங்களால் போக இருந்த அறை உங்களாலேயே கிடைத்ததா, இல்லை நீங்கள் தலையிட்டும்கூடக் கிடைத்ததா என்று நானும் உங்கள் தம்பியும் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்றிலிருந்து நான் கை கழுவினால் போதும், எங்கிருந்துதான் வருவீர்களோ, பின்னால் செம்போடு நிற்பீர்கள். "கழுவிட்டியா? நவுருட்டி." பிள்ளையின் தலை தெரிகிறது, தாய் அலறுகிறாள், நான் ஓட வேண்டும், அப்போதும் "நவுரு". எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன்! பழகிப் பழகி, கை கழுவினதும் என் கால் தானாக இடது பக்கம் ஒதுங்க ஆரம்பித்துவிட்டது. இந்த அறையில் பெற்றவர்களில் காய்ச்சல் கண்டு போனவள் என்று ஒருத்தி இல்லை. நான் சோப்புப் போட்டுக் கழுவினதால்தான் என்று நான் சொல்வேன். நீங்கள் செம்பைக் கவிழ்த்து வைப்பீர்கள்.

சரி, அதையெல்லாம் விடுங்கள். இப்போது என் பெரிய கோபத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் பொங்கல் கழிந்து உங்களுக்கு மூச்சு வாங்கியது. கிணற்றடியிலிருந்து செம்போடு வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். "என்ன மதினி?" என்றால், "வயசாவுதுல்லா" என்பீர்கள். சேலையைத் தாழ இறக்கிக் கட்ட ஆரம்பித்தீர்கள். நான் அதையும் பார்த்தேன். கால் விரல் கூடத் தெரியாமல் என்ன கட்டு இது என்று கேலி செய்தேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். வழக்கம்போல் சாராளின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ராஜபாளையத்துக்குத் தனியாக ரயில் ஏறினீர்கள். அங்கேயே விழுந்துவிட்டீர்கள். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு இல்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் நீர் கோத்து வீங்கியிருந்தது. இருதயம் தளர்ந்து பல மாதம் ஆகியிருக்கும் என்று அங்கே வந்த டாக்டர் சொல்கிறார். "வீட்டிலேயே நர்ஸ் இருக்கிறாள் என்கிறீர்களே?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்!

முற்றத்துத் தண்ணீர், செம்புத் தண்ணீர், வளைவுத் தண்ணீர், எங்கே நின்றாலும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. உங்கள் காலில் இத்தனை நீர் நிற்கிறதே, அதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் என்ன மதினி? ஊர்ப் பெண்களையெல்லாம் தொட்டுப் பார்க்கிற கை இது. உங்கள் காலைத் தொட விட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? மருந்து இருந்தது. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பீர்கள். என் பின்னால் நின்று "நவுருட்டி" என்றிருப்பீர்கள். எனக்கு ஆறவில்லை. ஆறவே இல்லை.

அழுது முடித்து, கிணற்றடிக்குப் போய் உங்கள் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். களக் களக் என்று அதே சத்தம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது. அறையைக் கழுவித் துணி விரித்து முடிக்கவில்லை, வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பெண், தலைப்பிள்ளை. கூட அவளைப் பெற்றவளும் வந்தாள். பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, குழாயைத் திருகிக் கை கழுவினேன். கழுவிவிட்டு இடது பக்கம் ஒதுங்கி நின்றேன்.

நின்றுகொண்டே இருந்திருப்பேன் போலிருக்கிறது. "யாரும் வாராவளாம்மா?" என்று அந்தப் பெற்றவள் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "கிணத்துல நல்ல தண்ணி மொண்டு வந்து இதுல ஊத்துங்க" என்றேன். எதற்கு என்று கேட்டாள். அடுப்பில் என்ன தீய்கிறது பார் என்று நான் சொல்லவில்லை, மதினி. சொன்னேன். என் மதினிக்குச் சாராள் என்று ஒரு மகள் இருந்தாள் என்று சொன்னேன். அண்டாவைச் சொன்னேன், மூலையில் நின்ற தண்ணீரைச் சொன்னேன், ஊற்றுங்கள் என்று கேட்டும் யாரும் ஊற்றாததைச் சொன்னேன். உங்கள் மகள் பெயரை நீங்கள் அன்று தரையைப் பார்த்துச் சொன்னதோடு சரி, இந்த அறையில் அது சத்தமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். மொண்டு வந்து ஊற்றினாள். நான் கேட்காமலே இன்னொரு செம்பும் கொண்டுவந்தாள்.

இனிமேல் இங்கே வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லத்தான் போகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் சரி, நான் பேசுவேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். கடைசியாகக் கை கழுவி, ஒதுங்கி நின்று, நானே ஊற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நல்ல தண்ணீர்தான் நிற்கிறது, மதினி.

பாக்கியம்